நானும் என் வாத்தியப் பெட்டிகளும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டபொழுது, ஆள்மாறிக் கேட்கின்றனரோ என்றே ஐயுற்றேன். நான் பரீட்சைகளில் முன்னணியில் நின்றவன் அல்லன். துடுப்பாட்டத்திலும் உதைபந்தாட்டத்திலும் கைதட்டுவோர் வரிசையில் இருந்தவன். பெரும் பதவி எதனையும் வகித்தவனும் அல்லன். கூட்டுறவுச் சங்கமொன்றில் இலிகிதராயிருந்து ஓய்வு பெற்றவன். எனினும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கோயில் வீதிகளிலும் கலியாணப் பந்தல்களிலும் இரவிரவாக விழித்திருந்து, இசைக்கோஷ்டிகளில் ஆர்மோனியமும், மின் ஓகனும், இக்காலத்தார் 'கீபோட்' என வழங்கும் வாத்தியமும் வாசித்திருக்கிறேன். "ஐயா, அதைப் பற்றியே எழுதுங்கோ" என்றார் குழுவிலுள்ள இளைஞர் ஒருவர். எழுதுகின்றேன்.

எனக்கு ஆர்மோனியத்தை அறிமுகம் செய்து வைத்தது நம் கல்லூரியே. வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனைக்கும் நவராத்திரி விழாவுக்கும் எடுக்கப்படும் பெட்டியொன்று பிரார்த்தனை மண்டபத்து அலுமாரியிற் கிடந்தது. அதன் துருத்தியில் ஒரு துளை. அத்துளைக்கு யாரோ அப்பியாசக் கொப்பியின் மட்டையைக் கிழித்து ஒட்டியிருந்தனர். 1967ஆம் ஆண்டு வாணி விழாவுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க அயலூரிலிருந்து ஒருவர் அழைக்கப்பட்டார். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தை விடிய விடியப் பார்ப்பதற்கு ஊர்கள் திரண்ட காலம் அது. நம்மவரும் இசை நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்துப் பின்பாட்டும் பாடியவர். ஊரார் அவரை 'மாஸ்டர்' என்றே அழைத்தனர். நானும் இங்கு அவ்வாறே அழைப்பேன். விழா முடிந்து எல்லோரும் அவலும் கடலையும் வாங்கப் போய்விட்ட வேளையில், நான் அப்பெட்டியின் முன்னிருந்து துருத்தியை அடித்துக் கொண்டிருந்தேன். பின்னால் நின்று பார்த்த அவர், "தம்பி, அடியாதை. அது மாடில்லை. அணைச்சுப் பிடி" என்றார். அடுத்த சனிக்கிழமை முதல் அவர் வீட்டுத் திண்ணையில் எனக்குப் பாடம்.

ஆர்மோனியத்தின் வரலாறு சற்றே வேடிக்கையானது. ஐரோப்பாவிற் காலால் மிதித்து வாசிக்கப்பட்ட அவ்வாத்தியத்தை, தரையிலிருந்து ஒரு கையாற் காற்றூட்டி மறு கையால் வாசிக்கத்தக்க பெட்டியாக 1875இற் கல்கத்தாவில் அமைத்தவர் துவாரகாநாத் கோஷ் என்பவர். தமிழ் நாடகக் கொட்டகைகள் அதனை இரு கையாலும் ஏற்றன. எஸ். ஜி. கிட்டப்பா பாடும்பொழுது அவர் தமையனார் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தமையைப் பற்றி மாஸ்டர் தாமே அருகிருந்தவர் போலப் பேசுவார். கற்றோர் உலகமோ அதனை மதிக்கவில்லை. நம் கமகங்களுக்கு அது ஒவ்வாதென்று அகில இந்திய வானொலி 1940இல் அதனை விலக்கி வைத்தது; அவ்விலக்குத் தளர்ந்தது 1971இலேதான். ஆயினும் நம் வித்துவான்கள் இன்றும் தம் சுருதியை 'ஒரு கட்டை', 'ஐந்தரைக் கட்டை' என்றே சொல்கின்றனர். எந்தக் கட்டை? இப்பெட்டியின் மரக்கட்டைதான்! வெள்ளைக் கட்டைகள் ஒன்று முதல் ஏழு வரை. இடையே கிடக்கும் கறுப்புக் கட்டைகள் அரைகள். மேல்நாட்டார் 'சீ' என்பது நமக்கு ஒரு கட்டை, 'ஜி' என்பது ஐந்து. பெட்டியை விலக்கியவர்களும் அதன் அளவுகோலை விலக்கவில்லை.

மாஸ்டரின் பெட்டியில் 42 கட்டைகள். ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டாக 84 ரீட்கள். ரீட் என்பது பித்தளைத் தகட்டிற் பொருத்திய பித்தளை நாக்கு. அதன் நுனியைச் சுரண்டினாற் சுருதி ஏறும். அடியைச் சுரண்டினாற் சுருதி இறங்கும். இந்த வேலையை மாஸ்டர் சவர அலகின் முறிந்த துண்டொன்றினாற் செய்வார். கடையில் வாங்கும் பெட்டியில் ஒரு ஸ்தாயி பன்னிரண்டு சம பங்காக வகுக்கப்பட்டிருக்கும். அதிற் பஞ்சமம் ஏறக்குறையச் சரியாயிருக்கும். அந்தர காந்தாரம் அவ்வாறன்று. சட்சமத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இயல்பாயமைந்த விகிதம் நான்குக்கு ஐந்து. அரைச்சுரத்தை நூறாக வகுத்தால், சமபங்குப் பெட்டியின் காந்தாரம் அவ்வியல்பான இடத்திலிருந்து பதினான்கு பங்கு மேலே நிற்கும். இவ்விகிதங்களின் கணக்கைச் சுவாமி விபுலாநந்தர் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் விரித்துள்ளார். மாஸ்டர் அந்நூலைப் படித்தவர் அல்லர்; அவருக்குக் காது இருந்தது. தம் குரலுக்கு இசைந்த ஒன்றரைக் கட்டையைச் சட்சமமாக வைத்து, நான்காம் கட்டையில் விழும் காந்தாரத்தைச் சுரண்டிச் சுரண்டித் தாழ்த்தியிருந்தார். அச்சுரத்தில் அவர் நிற்கும்பொழுது பெட்டி அசைவற்று நிற்பது போலிருக்கும். வேறு கட்டைகளிலும் அவர் விரல் ஓடும்; ஆனால் ரீட் முகஞ்சுளிக்கும்.

இதுவே அவருக்கு வினையாயிற்று.

1972இல் நான் கல்லூரியை விட்டபின், மாஸ்டர் வாசித்த மெல்லிசைக் கோஷ்டியில் அவருக்குத் துணையாகச் சேர்ந்தேன். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாயிருந்த காலத்திற் கிற்றாருக்கு ஒரு தந்தி அறுந்தால் கொழும்புக்குக் கடிதம் எழுதிக் காத்திருந்தோம். அக்காலத்திலேதான் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் ஈழத்துப் பொப் இசைப் பாடல்கள் ஊரெங்கும் பரவின. 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. அதன் பின் சனங்கள் கேட்ட பாட்டுகளின் அமைப்பே வேறாயிற்று. கிற்றார் ஒருபுறம், பேஸ் கிற்றார் ஒருபுறம், பாட்டுக்குப் பாட்டுச் சுருதி மாற்றம். எல்லா வாத்தியமும் சமபங்குச் சுருதியில் நின்றால்தான் கூடி ஒலிக்கும். ஒன்றரைக் கட்டைக்குச் சுரண்டிய பெட்டி அக்கூட்டத்திற் சண்டைக்காரனாய் நின்றது. இதில் யார்மீதும் குற்றமில்லை. சந்தை திறந்த பின், 1978இல், கொழும்பு ஹோட்டலொன்றில் வாசித்த குழுவிடமிருந்து இத்தாலி நாட்டு மின் ஓகன் ஒன்றைக் கோஷ்டித் தலைவர் பழைய விலைக்கு வாங்கி வந்தார்.

மாஸ்டரையே முதலில் இருத்தினார்கள். அவர் வலக்கையால் ஒரு கட்டையை அழுத்தினார். இடக்கை, தன்னை அறியாமலே, ஓகனின் பின்புறத்தில் துருத்தியைத் தேடிப் போயிற்று. சுற்றி நின்றவர்கள் சிரித்தனர். அவர் கட்டையை விடாது அழுத்தியபடியே நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உதுக்கு மூச்சில்லைத் தம்பி. நான் களைச்சாலும் உது களையாது" என்று சொல்லி எழுந்தார். நான் அமர்ந்தேன். எனக்கு இடக்கையும் ஓடிற்று.

அவ்வாண்டுத் திருவிழாக் காலத்தில், ஓகனோடு நாங்கள் சென்ற முதல் நிகழ்ச்சிக்குத் தட்டிவான் ஒன்று பிடித்திருந்தோம். வழக்கம்போல வீடு வீடாக ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தது. மாஸ்டர் வீட்டு ஒழுங்கையை அணுகியதும் சாரதி வேகத்தைக் குறைத்தார். "நேரை விடு" என்றார் தலைவர். வானின் வெளிச்சம் ஒழுங்கை முகப்பிற் பட்டது. படலையடியில், வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாஸ்டர் இருந்தார். வெளிச்சம் கண்டு எழுந்தார். வான் போய்விட்டது. நான் ஓகனை இரு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். அது சரியாமற் பார்க்க வேண்டுமே! ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. அதுவரை இரவுக்கு 25 ரூபாய் பெற்ற எனக்கு அன்று 40 ரூபாய் கிடைத்தது. மிகுதிப் பதினைந்து ரூபாய் யாருடைய பங்கிலிருந்து வந்ததென்று அறிய நான் கணிதத்தில் அதிவிசேட சித்தி பெற்றிருக்க வேண்டியதில்லை.

இனி, மின் வாத்தியக்காரனின் வாழ்வைச் சொல்லுகின்றேன். இதனைக் கேட்கத்தான் இளைஞர்கள் ஆவலாயிருக்கிறார்கள்.

பாடகன் ஒரு சால்வையோடு வருவான். தபேலாக்காரன் இரண்டு பைகளோடு வருவான். ஓகன்காரனுக்கோ ஓகன் இருவர் சுமை, அதன் ஒலிபெருக்கி இன்னொருவர் சுமை, அதற்கு மேலே வயர்கள் நிறைந்த சாக்கு. மேடை பெரும்பாலும் வாங்குகளை அடுக்கிப் பலகை போட்டது. ட்றம்ஸ்காரன் காலை ஓங்கினால் என் ஓகன் அரை அங்குலம் தென்திசை நோக்கி நகரும். பாயை நாலாய் மடித்துக் கால்களின் கீழ் வைப்பதென்பது மூன்றாம் நிகழ்ச்சியிற் கற்ற பாடம். சுவாமி வீதிவலம் வந்து வசந்த மண்டபத்துக்கு மீண்டு, மேளக்காரரும் தம் கச்சேரியை முடித்த பின்னரே எமக்கு மேடை. பதினொரு மணிக்குத் தொடங்கினால் சேவல் கூவும்வரை. இடையில் உபயகாரர் வீட்டு இடியப்பமும் சொதியும் வரும். அதை உண்ட கையை நன்றாகத் துடைக்காமற் கட்டையில் வைத்தால், மறுநாள் எறும்புகள் ஓகனுக்குட் குடியேறும்.

மின்சாரம் பெரும்பாலும் ஜெனரேற்றரிலிருந்து வந்தது. வோல்ற் 230 இருக்க வேண்டிய இடத்தில் 180இல் நிற்கும். தேர்முட்டிப் பக்கத்து விளக்குகளை அணைத்தவுடன் மேலே பாயும். நல்வேளையாக எம்முடையது திரான்சிஸ்டர் ஓகன். அமெரிக்காவில் லோறன்ஸ் ஹமண்ட் 1935இல் வெளியிட்ட ஓகனாயிருந்தால் எம் கதி அதோகதியாயிருக்கும். அதனுள்ளே பற்சக்கரங்கள் மின்னோட்டத்தின் அலைவெண்ணுக்கு ஒத்தே சுழலும். ஐம்பது நாற்பத்தேழாக இறங்கினால் முழு வாத்தியமும் அரைக்கட்டை இறங்கிவிடும். எண்ணெய் வார்ப்பதற்காக நடுச்சாமத்தில் ஜெனரேற்றரை நிறுத்தும்பொழுது எல்லாம் இருளும். பாடகர் இருளில் இரண்டு அடி பாடிப் பார்ப்பார். பின் அவரும் நிறுத்துவார். அந்த ஐந்து நிமிட இருளில், முன்னாளில் இவ்வாறு விளக்கு அணைந்தபோதெல்லாம் மாஸ்டரின் பெட்டி ஓயாது ஒலித்துக்கொண்டிருந்ததை நான் நினையாமல் இருந்ததில்லை.

மண்ணிணைப்புச் சரியில்லாத மேடைகளில் ஒலிவாங்கியிற் பாடகரின் உதடு பட்டதும் 'சுள்'ளென்று அடிக்கும். பாடகியொருவர் இதற்காகவே ஒலிவாங்கிக்குக் கைக்குட்டை சுற்றுவார். அதே காரணத்தால் ஒலிபெருக்கியிற் சதா ஓர் இரைச்சல் இருக்கும். ஐம்பது அலைவெண் கொண்ட அவ்விரைச்சல் ஐந்து கட்டைக்கு ஒரு மயிரிழை மேலே நிற்கும். ஐந்து கட்டையிற் பாடும் அப்பாடகிக்கு மின்சார சபையே தம்புரா மீட்டியது என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். கோடையிற் செம்மண் தூசி கட்டைகளின் கீழ்ப் புகுந்து தொடுகைகளை அடைக்கும்; நடுப்பாட்டிலே ஒரு சுரம் ஊமையாகும். அதற்கு மருந்து, பென்சில் அழிக்கும் இறப்பரும் சிறிது ஸ்பிரிற்றும். என் சட்டைப்பையில் அழிறப்பர் இல்லாத நாளே கிடையாது. சங்கத்திலே என்னைச் சித்திரக்காரன் என்று எண்ணியவர்களும் உளர்.

1985இல் மனைவியின் சங்கிலியை ஈடுவைத்து, சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவரிடம் யமஹா கீபோட் ஒன்றை எனக்கெனச் சொந்தமாக வாங்கினேன். 61 கட்டைகள், மின்சாரத்திலும் ஆறு பெரிய பற்றரிகளிலும் இயங்கும், ஒருவனே தோளிற் கொளுவிச் செல்லலாம். அதிலே சுருதி மாற்றும் பொத்தான் ஒன்று இருந்தது. விரல் ஒரு கட்டையிலேயே ஓட, பொத்தானை அழுத்தினால் ஒலி வேண்டிய கட்டைக்கு மாறிவிடும். சோம்பேறிக்கு வரப்பிரசாதம்! பாடகருக்கு இரண்டு கட்டை. பொத்தானை இரண்டு படி மேலே ஏற்றுவேன். பாடகிக்கு ஐந்தரை; நான்கு படி கீழே இறக்குவேன். ஒரு கலியாண வரவேற்பில், பாடகியின் பாட்டு முடிந்து, மணமக்கள் பந்தலுள் நுழையும் நேரம். பாடகருடைய பாட்டுக்கு நான் முன்னிசை தொடங்க வேண்டும். பொத்தானை மறந்தேன். இரண்டு கட்டையில் எழ வேண்டியது ஐந்தரையில் எழுந்தது. கிற்றார்கள் இரண்டில் நின்றன. இரண்டுக்கும் ஐந்தரைக்கும் இடையே எவ்வளவு தூரமென்று எண்ணிப் பாருங்கள்: சட்சமத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் உள்ள தூரம், பன்னிரண்டு சுரங்களுள் இதைவிடப் பகையான சோடி இல்லை. மணமகள் திடுக்கிட்டு நின்றதை ஒளிப்படக்காரர் பிடித்துவிட்டார். அப்படத்தை அவர்கள் ஆல்பத்திற் சேர்த்திருக்கிறார்கள்; பின்னொருநாள் எனக்கே காட்டினார்கள்.

1983இன் பின்னர் இரவு நிகழ்ச்சிகள் அருகின. கோஷ்டியில் இருவர் கனடா சென்றனர். ஒருவர் எங்கு சென்றாரென்று அவர் தாயாரும் அறியார். 1990இற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் வருவது நின்றது. பற்றரிக்குத் தடை. என் கீபோட் துணி சுற்றிய பலகையாயிற்று. 1992இல் 'ரோஜா' படப் பாடல்களை நான் கேட்டது, கவிழ்த்து நிறுத்திய துவிச்சக்கரவண்டியின் டைனமோவில் ஓடிய ஒலிப்பதிவுப் பெட்டியிலேயாம். கை தளர்ந்தாற் பாட்டும் சுருதி தளரும்.

அதற்கு முந்திய ஆண்டில், எம்மூர்க் கோயிலார் பூங்காவனத் திருவிழாவுக்கு எவ்வாறாயினும் ஒரு பாட்டுக் கச்சேரி வேண்டுமென்றனர். மின்சாரம் இல்லாமல் ஒலிக்கும் வாத்தியம் யாரிடம் உண்டென்பது எனக்குத் தெரியும். பதின்மூன்று ஆண்டுகளின்பின் அவ்வொழுங்கையுள் நுழைந்தேன். படலையடியில் நின்று "மாஸ்டர்" என்றேன்.

"ஆர், ஓகன்காரத் தம்பியோ? வாரும், இரும்."

அவருக்கு எழுபதை அண்மித்திருந்தது. வந்த காரியத்தைச் சொல்லி, பெட்டியை இரவல் கேட்டேன்.

"பெட்டி தனிய வராது. நானும் வருவன்" என்றார். சிறிது நேரம் வெற்றிலையை நரம்பு நீக்கிக்கொண்டிருந்துவிட்டு, "வானிலையோ?" என்று கேட்டார்.

"பெற்றோல் இல்லை மாஸ்டர். சைக்கிளிலைதான்."

"அப்ப சரி. சைக்கிளெண்டால் நிப்பாட்டலாம்."

அன்று மாலை, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் என் சைக்கிளின் பின்புறத்தில் இருந்தார். பாதி வழியில், வயல்வெளியில், "மாஸ்டர், அண்டைக்கு வான்..." என்று தொடங்கினேன்.

"எதிர்க்காத்தடிக்குது. கதையாமல் உழக்கும்" என்றார் அவர்.

கச்சேரிக்கு ஒரே பெற்றோமாக்ஸ், ஒலிபெருக்கி இல்லை. சனங்கள் மேடையை நெருங்கி இருந்தனர். பிள்ளைகள் அழுதாற் தாய்மார் எழுந்து அப்பாற் சென்றனர். நான் தாளம் போட்டேன். மாஸ்டர் ஒன்றரைக் கட்டையில் விருத்தம் ஒன்றை எடுத்து, தாமே பாடி, காந்தாரத்தில் வந்து நின்றார். ஓகனிலும் கீபோட்டிலும் பதின்மூன்று ஆண்டுகளாக நான் அழுத்திவந்த சுரம் அதுவன்று. பதினான்கு பங்குதான் வேறுபாடு. இத்தனை காலமும் அது எனக்குக் கேட்கவில்லை என்பதே அன்று கேட்டது.

அதன்பின் இரண்டாண்டுகள் அவரிடம் மீண்டும் துருத்தி பழகினேன். 1993இல் அவர் காலமானார். அந்தியேட்டி முடிந்தபின், "ஐயா சொன்னவர்" என்று மட்டும் சொல்லி, மகள் பெட்டியைக் கொண்டுவந்து என் வீட்டில் வைத்துவிட்டுப் போனார்.

1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவைப் பற்றி இம்மலரைப் படிப்போர் பலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னிடம் இருந்தது ஒரு சைக்கிள். அதில் அரிசி, உடுப்பு மூட்டை, பின்னால் என் தாயார். இன்னும் ஒரு பொருளுக்கு மட்டும் இடமிருந்தது. விற்றாற் காசாகும் என்று கீபோட்டை எடுத்தேன். ஆர்மோனியத்தை அறையின் மூலையில், பாயாற் சுற்றி வைத்துவிட்டு நடந்தோம். தென்மராட்சியில் கீபோட்டை விற்று ஐந்து மாதம் உண்டோம். ஆதலால் என் கணக்குப் பிழைத்ததென்று சொல்வதற்கில்லை.

1996இல் திரும்பியபொழுது அறைக்குக் கூரை இல்லை. பாயையும், பெட்டியின் மரத்தையும், துருத்தியின் தோலையும் கறையான் தின்று மண்ணாக்கியிருந்தது. அம்மண்ணைச் சுளகிற் பிடைத்து ரீட்களைப் பொறுக்கினேன். 84இல் 79 கிடைத்தன. பிஸ்கற் தகரமொன்றில் இன்றும் இருக்கின்றன. பின்னர் வேறு கீபோட்டுகள் வாங்கினேன். 2003 வரை மேடையேறினேன். அவற்றைப்பற்றி விசேடமாகச் சொல்ல ஒன்றுமில்லை.

சென்ற மாதம் நம் கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவனொருவன் தன் கீபோட்டோடு வீட்டுக்கு வந்தான். இக்காலத்து வாத்தியத்தில் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே நூறில் ஒரு பங்குவரை ஏற்றலாம், இறக்கலாம். ஒன்றரைக் கட்டைக்குக் காந்தாரத்தைப் பதினான்கு இறக்கச் சொன்னேன்; அரை நிமிடத்திற் செய்தான். மாஸ்டர் ஒரு சவர அலகோடு எத்தனை பின்னேரங்கள் இருந்திருப்பார்! பின்னர் தகரத்தைத் திறந்து, நான்காம் கட்டையின் ரீட்டைத் தேடி எடுத்து, வாயில் வைத்து ஊதிக் காட்டினேன். பேசிற்று. பையன் தன் கைத்தொலைபேசியை அருகிற் பிடித்து அளந்தான்.

"பதினாறு குறைவாய்க் காட்டுது ஐயா. நுனியிலை களிம்பு ஏறியிருக்கு, சுரண்டினால் சரிவரும்" என்றான்.

வேண்டாமென்று வாங்கித் தகரத்திற் போட்டுவிட்டேன்.